அம்மாவின் சுங்குடிச் சேலைகளில் பிறக்கப்போகும் குழந்தைக்கு ஒரு விரிப்பு: எப்படித் தைப்பது?

சின்னத்தை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி மனைவிக்கு இது ஏழாம் மாதம். எங்கள் வீட்டில் அடுத்த தலைமுறையின் முதல் குழந்தை. அத்தை என்ற முறையில் கடையில் எதையாவது வாங்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்க எனக்கு மனம் இல்லை. கையால் ஒரு விரிப்பு தைத்துக் கொடுக்க வேண்டும்.

அம்மா சென்ற ஆண்டு ஆவணியில் காலமானார். அவருடைய தகரப் பெட்டியை அதன்பிறகு யாரும் திறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பாவே திறந்து கொடுத்தார். மூன்று சுங்குடிச் சேலைகள் இருக்கின்றன, இரண்டு அரக்கு, ஒன்று பச்சை. பல வருடம் துவைத்துத் துவைத்து மல் துணிபோல மெத்தென்று ஆகிவிட்டவை. பச்சைச் சேலையில், இடுப்பில் சாவிக்கொத்தைச் செருகும் இடத்தில், வளையம் வளையமாகத் துருக்கறை படிந்திருக்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குக் கத்தரிக்கோலை எடுக்கக் கை வரவில்லை. கூடவே அப்பாவின் எட்டு முழ வேட்டி ஒன்றும் இருக்கிறது.

எங்கள் பாட்டி பழைய புடவையை நான்காக மடித்துச் சுற்றிலும் ஒரு தையல் ஓட்டிப் பிள்ளைக்கு விரிப்பார். பிள்ளைத்துணி என்போம், வேறு பெயர் கிடையாது. நான் அதைக் கொஞ்சம் அழகாக, ஒட்டுத்துணி வைத்துச் செய்ய நினைக்கிறேன். சேலைக்கு ஃபால்ஸ் அடித்துப் பழக்கம் உண்டு. அதற்கு மேல் தையல் தெரியாது. எத்தனை அடுக்கு வைக்க வேண்டும்? உள்ளே பஞ்சு தேவையா?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பெரியம்மாவுக்கு இதில் சம்மதம் இல்லை. "போனவள் துணியைப் பிறந்த பிள்ளைமேல் போடாதே" என்கிறார். இரண்டு நாளாக அதே நினைப்பாக இருக்கிறது.

ஊசிநூல் எழுதியது:

சின்னத்தை அவர்களே, முதலில் தையலைப் பேசிவிடுவோம். இதுவரை எங்கள் உறவில் பதினொரு குழந்தைகளுக்குத் தைத்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பஞ்சு வேண்டவே வேண்டாம். நம் ஊர் வெயிலுக்கு மூன்று அடுக்குப் பழந்துணி போதும். நான்கு வைத்தால் ஐப்பசி, கார்த்திகையில் காயாது. குழந்தை ஒரு நாளைக்கு எத்தனை முறை நனைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். காலையில் துவைத்து மதியம் எடுத்து விரிக்க முடிய வேண்டும்.

அளவு 90 சென்டிமீட்டர் சதுரம். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட்டு விளையாட விட இது போதுமானது. சேலையை முழுவதும் பிரித்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். தரையில் உரசிய கீழ் ஓரமும் இடுப்பில் சுற்றிய பகுதியும் நைந்திருக்கும், அங்கே வெளிச்சம் ஊடுருவித் தெரியும். முந்தானைப் பக்கம் பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். மேல் அடுக்குக்கு அதை எடுங்கள். நைந்த துணியை நடு அடுக்கில் வையுங்கள், அது அங்கே பத்திரமாக இருக்கும். சரிகை இருந்தால் முழுவதையும் வெட்டி எறியுங்கள். இப்போதைய சரிகை பிரிந்தால் குழந்தையின் தோலைக் கீறிவிடும்.

குழந்தையின் மேனி படும் பக்கத்துக்கு அப்பாவின் வேட்டியை வையுங்கள். அதைவிட மென்மையான துணியைக் காசு கொடுத்தாலும் வாங்க முடியாது.

மூன்று அடுக்கையும் தரையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, சுருக்கம் நீவி, நான்கு மூலையிலும் கனமாக எதையாவது வைத்துக்கொள்ளுங்கள். நான் செங்கல்லைச் செய்தித்தாளில் சுற்றி வைப்பேன். பிறகு நடுவில் தொடங்கி வெளிப்பக்கமாக, ஒரு சாண் இடைவெளியில், பெரிய பெரிய தையலாகக் கச்சாத் தையல் (பிறகு பிரித்துவிடும் தற்காலிகத் தையல்) போடுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக நல்ல தையலுக்குப் போனவர்கள் எல்லோரும் பாதியில் பிரித்திருக்கிறார்கள், நானும்தான். அடுக்குகள் நழுவி மேல்துணி உப்பிக்கொள்ளும்.

அதன்பின் ஓட்டுத் தையல். ஊசியைத் துணிக்குள் விட்டு, நாலைந்து மடிப்பு கோத்து, ஒரே இழுப்பாக இழுக்க வேண்டும். வரிசைக்கு வரிசை ஒன்றரை சென்டிமீட்டர் விட்டால் அறுபது வரிசை வரும். ஒரு வரிசைக்கு இருபது நிமிடம் என்று வைத்தால் இருபது மணி நேர வேலை. தினம் மூன்று வரிசை தைத்தால் மூன்று வாரத்தில் முடியும். ஒரு மாதம் என்றே வைத்துக்கொள்ளுங்கள், அவசரம் கூடாது.

நூலையும் கணக்குப் போட்டுவிடுகிறேன். அறுபது வரிசைக்கு 54 மீட்டர், மடிப்புக்கும் முடிச்சுக்கும் சேர்த்து 60 மீட்டர். எட்டு மீட்டர் நீளமுள்ள எம்பிராய்டரி நூல்கண்டில் ஆறு இழை இருக்கும். இரண்டு இழையாகப் பிரித்தால் ஒரு கண்டு 24 மீட்டர் தரும். மூன்று கண்டு வாங்கினால் மீதி இருக்கும்.

பெரியம்மா சொன்னதைப் பற்றிச் சொல்ல நான் தகுந்த ஆள் இல்லை. ஆனால் பிறப்பதற்கு முன் எதையும் முழுதாகத் தயாராக வைக்கக் கூடாது என்று எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. அதற்காகக் கடைசி ஓரத்தை மட்டும் மடித்துத் தைக்காமல் விட்டுவைப்போம். பிறந்த செய்தி வந்த பிறகுதான் அந்த ஓரம் மூடும்.

ஓசூர் மருமகள் எழுதியது:

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். இதைப் பொந்த என்போம். எல்லைக்கு அந்தப் பக்கம் கன்னடக்காரர்கள் கவுதி என்கிறார்கள். என் மாமியாரின் மாமியார் தைத்த பொந்த ஒன்று இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. அதில் தாத்தாவின் கோவணத் துணி முதல் மூத்த மகளின் பாவாடை வரை எல்லாமே உண்டு. இன்றைக்கும் ஒவ்வொரு துண்டாகத் தொட்டுக் காட்டி, "இது இன்னார் உடுத்தியது" என்று சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் நெடுநாள் வாழ்ந்தவர்களின் துணியைத்தான் பிறந்த பிள்ளைக்கு முதலில் சுற்றுவார்கள். ஆயுசு ஒட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கை. புண்ணியாகவாசனம் என்ற தீட்டுக்கழிப்புச் சடங்கு வரை புதுத்துணி போடுவதில்லை. புதுத்துணியில் கஞ்சி இருக்கும், குத்தும். நம்பிக்கைக்குள் நல்ல புத்தியும் இருந்திருக்கிறது.

உங்கள் அம்மா எத்தனை வயது வாழ்ந்தார்? பெரியம்மாவின் மனத்தாங்கல் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறதா?

சின்னத்தை எழுதியது:

அம்மாவுக்கு அறுபத்தொன்று. ஆமாம், அதுதான் பெரியம்மாவுக்குக் குறை. "அவள் பேரனைப் பார்க்காமல் போனவள், அந்தக் குறை துணியில் இருக்கும்" என்று அழுகிறார். அவர் அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. அவரிடம் நான் என்ன சொல்வேன்?

வார்டு செவிலி எழுதியது:

நான் பச்சிளங்குழந்தைகள் பிரிவில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். இந்த இழையைப் படித்ததும் ஒரே ஒரு கேள்விதான் தோன்றியது. அதை முதலில் கேட்டுவிடுகிறேன்: அந்தத் தகரப் பெட்டியில் அந்துருண்டை போட்டிருந்தீர்களா?

போட்டிருந்தால் அந்தத் துணியை இப்போதைய நிலையில் குழந்தையின் பக்கத்தில்கூடக் கொண்டுபோகாதீர்கள். அந்துருண்டையில் இருக்கும் நாப்தலீன் காற்றில் ஆவியாகித் துணியில் ஏறும். ஜி-6-பி-டி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த வாசனை மூச்சிலும் தோலிலும் போனாலே இரத்தச் சிவப்பணுக்கள் உடையும், மஞ்சள்காமாலை கடுமையாக ஏறும். மூளையைத் தாக்கும் அளவுக்கும் போகலாம். இந்தக் குறைபாடு ஆண் குழந்தைகளிடம் அதிகம். பிறந்தவுடன் வெளியே பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பழைய துணியைப் பாசத்தோடு சுற்றிக் கொண்டுவந்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள்மேல் எந்தத் தவறும் இல்லை, யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது செய்தி. விரிப்பு அழகாக வந்துவிட்டால் அதைக் குழந்தைக்குப் போர்த்தி உறங்க வைக்க ஆசை வரும். முதல் 12 மாதம் அது கூடாது. குழந்தை தூங்கும் இடத்தில் தலையணை, மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் தெளிவாகவே சொல்கிறது. முகத்தில் ஏறிய துணியை விலக்கும் வலு அந்தக் கைகளுக்குக் கிடையாது. விழித்திருக்கும்போது, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது, தரையில் விரியுங்கள். ஒரு வயதுக்குப் பிறகு தாராளமாகப் போர்த்தலாம். அதற்குள் இன்னும் நாலு முறை துவைத்து இன்னும் மென்மையாகியிருக்கும்.

சின்னத்தை எழுதியது:

பெட்டியில் அந்துருண்டை இருந்தது. நிறைய. அப்பா கைநிறைய அள்ளிப் போட்டிருந்தார். அம்மாவின் துணி ஒன்றுகூடக் கெட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்கிறார். இப்போது சேலையை முகர்ந்தால் அம்மாவின் வாசனையே இல்லை, உருண்டை வாசனைதான் வருகிறது. துவைத்தால் போகுமா, இல்லை இந்த எண்ணத்தையே விட்டுவிட வேண்டுமா? தயவுசெய்து சொல்லுங்கள்.

சாயத்தொட்டி எழுதியது:

அம்மா, எண்ணத்தை விட வேண்டாம். நான் ஈரோட்டுப் பக்கம் சாயப்பட்டறையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். துணியில் ஏறியதை எப்படி இறக்குவது என்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

நாப்தலீன் தண்ணீரில் கரையாது. அதனால் எத்தனை முறை அலசினாலும் தண்ணீர் மட்டும் அதை எடுக்காது. அதை எடுப்பது காற்றும் சூடும். சேலையை மடிக்காமல், முழு நீளத்துக்குக் கொடியில் போடுங்கள். நல்ல வெயிலில், காற்றோட்டமாக, தினமும் திருப்பித் திருப்பிப் பத்துப் பதினைந்து நாள் காயட்டும். நடுநடுவே வெந்நீரில் சோப்புப் போட்டு ஊறவைத்து அலசுங்கள். பிறகு ஒரு சோதனை செய்ய வேண்டும். காய்ந்த துணியை மடித்து ஒரு தூக்குவாளியில் போட்டு மூடி, ஒரு இரவு வைத்துக் காலையில் திறந்து முகருங்கள். துளி வாசனை வந்தாலும் இன்னும் காய வேண்டும். நீங்கள் மட்டும் முகராதீர்கள், உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து வருபவரைக் கூப்பிட்டு முகரச் சொல்லுங்கள்.

சாயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அரக்குச் சுங்குடி என்கிறீர்கள். எவ்வளவு பழையதானாலும் சிவப்பை நம்பக் கூடாது. வெள்ளைத் துணியை நனைத்துச் சேலைமேல் வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்திப் பாருங்கள். சாயம் ஏறினால் வேட்டி முழுவதும் ரோஸ் நிறமாகிவிடும். கல் உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று வீடுகளில் சொல்கிறார்கள். நாங்கள் தொட்டியில் உப்புப் போடுவது சாயம் நூலுக்குள் ஏறுவதற்காக. ஏறிய சாயத்தை நூலோடு பிணைப்பது சோடா. சாயமேற்றி முடிந்த துணியை வீட்டில் உப்பில் ஊறவைப்பதால் ஒன்றும் ஆகாது. ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வெந்நீரில் சோப்புப் போட்டு வெளியேற்றுவதுதான் வழி. அலசும் தண்ணீர் தெளிந்து வரும்வரை செய்யுங்கள்.

துருக்கறை பற்றி ஒரு வார்த்தை. துரு, பருத்தியைத் தின்னும். இன்றைக்குக் கறையாக இருப்பது நாலு துவையலில் ஓட்டையாகிவிடும். அந்தத் துண்டை விரிப்பில் வைக்காதீர்கள். தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்ன விஷயம், ஆசைக்காகக் கேட்கிறேன். புள்ளிகள் முடிச்சுப் போட்டு எடுத்ததா, அச்சா என்று பாருங்கள். கையால் நூல் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்கியதாக இருந்தால் எந்த இரண்டு புள்ளியும் ஒன்றுபோல் இருக்காது, சிலவற்றின் நடுவில் ஊசிமுனை அளவு நிறம் நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஆயிரக்கணக்கில் முடிச்சுப் போடுவார்கள். அப்படிப்பட்ட சேலையாக இருந்தால் உங்கள் விரிப்பில் இன்னொரு பெண்ணின் கைவேலையும் சேர்ந்தே இருக்கிறது.

போடிமலை எழுதியது:

நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் இலவம் பஞ்சு வியாபாரம். இழையைப் படித்துவிட்டு யாராவது "இலவம் பஞ்சு வைத்தால் மெத்தென்று இருக்குமே" என்று கிளம்பிவிடக் கூடாது. இலவம் பஞ்சு தலையணைக்கு உகந்தது. துவைக்கும் துணிக்குள் வைத்தால் முதல் துவையலிலேயே திரண்டு கட்டியாகிவிடும். அதன் இழை மிக நுண்மையானது, தையல் ஓட்டை வழியே வெளியே வந்து பறக்கும். பச்சைக் குழந்தை இருக்கும் அறைக்கு அது சரிப்படாது.

கணக்குவாத்தியார் எழுதியது:

தையலும் சாயமும் தெரியாதவன் நான். பெரியம்மா விஷயத்தை மட்டும் பேசுகிறேன். இங்கே பலரும் அதைத் தாண்டிப் போய்விட்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. தங்கையைப் பறிகொடுத்த மூத்தவர் அவர். அவர் சொல்வதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட்டு நீங்கள் தைத்துக் கொடுத்தால், அந்த விரிப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு வலிக்கும். குழந்தைக்கு நாளைக்கு ஏதாவது சளி காய்ச்சல் வந்தாலும் அந்தத் துணியின்மேல்தான் பழி விழும். அம்மாவின் சேலையை உங்களுக்கென்று வைத்துக்கொண்டு, குழந்தைக்கு வேறு துணியில் தைத்தால் என்ன?

ஓசூர் மருமகள் எழுதியது:

ஐயா சொல்வதில் மரியாதை இருக்கிறது, ஆனால் எனக்கு உடன்பாடில்லை. பெரியம்மாவும் அத்தையும் பேசுகிறார்கள், நாமும் பேசுகிறோம். குழந்தையைச் சுமக்கிற பெண்ணிடம் யாராவது கேட்டோமா? அந்தப் பெண் வேண்டாம் என்றால் வேண்டாம். வேண்டும் என்றால் பெரியம்மாவிடம் பேசுவதற்கு அவளே சரியான ஆள். சின்னத்தை, முதலில் தம்பி மனைவியைக் கேளுங்கள். கேட்காமல் பரிசாகக் கொண்டுபோய் நீட்டிவிட்டால் அவளால் மறுக்கவும் முடியாது.

ஹௌரா வண்டி எழுதியது:

ரயில்வேயில் இருந்தபோது பதினான்கு வருடம் கரக்பூரிலும் ஹௌராவிலும் குடும்பத்தோடு இருந்தேன். என் மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள். பக்கத்து வீட்டு வங்காளத்து அம்மா, மகளுக்கு ஒரு காந்தா தைத்துக் கொடுத்தார். மூன்று பழைய சேலைகள், வெறும் ஓட்டுத் தையல். ஊசிநூல் அவர்கள் எழுதிய முறையேதான். ஒரே வித்தியாசம், அவர் கடையில் நூல் வாங்கவில்லை. சேலைக் கரையிலிருந்து வண்ண நூலை ஒவ்வொன்றாக உருவி எடுத்தார். இடது கையில் கரையைப் பிடித்து, நகத்தால் ஒரு இழையைக் கிளப்பி, அறுந்துவிடாமல் மெதுவாக இழுப்பார். இழுத்த நூலைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொள்வார். அந்தப் பழைய நூலில் தைத்ததால் தையலும் துணியும் ஒரே அளவு மென்மையாக இருந்தன. சாயம் போகும் பயமும் இல்லை, போக வேண்டியதெல்லாம் என்றைக்கோ போய்விட்டிருந்தது.

காந்தா என்ற சொல்லும் நம் கந்தையும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை. வடமொழியில் கந்தா என்றால் கிழிசல் துணிகளை ஒட்டித் தைத்தது. நாம் அந்தச் சொல்லை இழிவாக வைத்துக்கொண்டோம். அவர்கள் அதையே சீராகக் கொடுக்கிறார்கள்.

பீகாரில் சுஜனி என்று ஒன்று இருக்கிறது. முசாபர்பூர் மாவட்டத்தில் புசுரா என்ற கிராமம் அதற்குப் பேர்போனது. பிறந்த குழந்தைக்காக வீட்டிலுள்ளவர்களின் பழந்துணிகளைச் சேர்த்துத் தைப்பதுதான் அதன் தொடக்கம். அங்கே சித்திரியா மா என்று ஒரு தெய்வத்தைச் சொல்வார்கள். கந்தல்களின் தாய். கிழிந்த துண்டுகளைச் சேர்ப்பது அவளுக்குச் செய்யும் வழிபாடு. சிதறியவை எல்லாம் ஒன்றாகச் சேரும் என்பது அதன் பொருள். குழந்தையைப் பழந்துணியில் சுற்றுவது, அது மறுபடி அம்மாவின் வயிற்றுக்குள் இருப்பதுபோல அணைத்துக்கொள்வதற்கு என்றும் சொல்வார்கள்.

உங்கள் பெரியம்மாவிடம் வாதாடுவதற்காக இதை எழுதவில்லை. "குறை துணியில் இருக்கும்" என்று அவர் நினைக்கிறார். அதே துணியில் அதே பெண்ணின் அணைப்பு இருக்கிறது என்று நினைக்கும் ஊரும் இந்த நாட்டில் இருக்கிறது. அவருக்குச் சொல்லிப் பாருங்கள்.

ஏணைக்கயிறு எழுதியது:

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். நீங்கள் தூளி என்பதை நாங்கள் ஏணை என்போம். என் மகன் பிறந்தபோது அம்மா ஊரிலிருந்து தன் நூல்சேலை ஒன்றை அனுப்பினார். அதை வெட்டித் தைத்தேன். இந்தக் குளிருக்கு மூன்று அடுக்கு காணாது என்று நடுவில் பருத்தித் துணி ஒன்று வாங்கி வைத்தேன். அந்தப் புதுத்துணியை நான் முன்கூட்டியே நனைக்கவில்லை. முதல் துவையலிலேயே அது சுருங்கி, பழைய சேலை சுருங்காமல் நின்று, முழு விரிப்பும் நெளிநெளியாகிவிட்டது. பழையதோடு புதியதைச் சேர்ப்பவர்கள், புதியதை இரண்டு தரமாவது வெந்நீரில் துவைத்துவிட்டு வெட்டுங்கள்.

குளிர்நாட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்: காரில் குழந்தை இருக்கையின் வார்களுக்கு உள்ளே விரிப்பைப் போட வேண்டாம். வாரை முதலில் இறுக்கிவிட்டு, அதன்மேல் போர்த்துங்கள்.

சின்னத்தை எழுதியது:

பதினெட்டு நாளுக்குப் பிறகு வருகிறேன். ஒவ்வொருவர் எழுதியதையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அந்துருண்டையைப் பற்றிப் படித்தபோது அவர் முகம் மாறிவிட்டது. மறுநாள் காலை நான் எழுவதற்கு முன்பே மாடியில் கொடி கட்டி மூன்று சேலையையும் விரித்திருந்தார். தினமும் அவரே திருப்பிப் போட்டார். தூக்குவாளிச் சோதனையில் முதல் இரண்டு முறை தோற்றோம். மூன்றாவது முறை பால்காரம்மாவை முகரச் சொன்னோம். "வெயில் வாசனைதான் வருகிறது" என்றார்.

ஓர் அரக்குச் சேலை மட்டும் வெந்நீரில் ஒன்பது முறை அலசியும் சாயம் விட்டுக்கொண்டே இருந்தது. அதை ஒதுக்கிவிட்டேன். சாயத்தொட்டி ஐயா, புள்ளிகளைப் பார்த்தேன். பச்சைச் சேலையில் முடிச்சுப் புள்ளிதான். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம்.

தம்பி மனைவியிடம் கேட்டேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அத்தை என் வளைகாப்புக்கு இருந்திருந்தால் அந்தப் பச்சைச் சேலையைத்தானே கட்டியிருப்பார்" என்றாள். அவளே பெரியம்மாவுக்குப் போன் செய்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. பெரியம்மா இன்னும் சம்மதம் என்று சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டார். போன வாரம் தன்னுடைய வெளிர்மஞ்சள் நூல்சேலை ஒன்றைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். நடு அடுக்குக்கு அதைத்தான் வைத்திருக்கிறேன்.

சாவிக்கொத்துத் துண்டை வெட்டி எடுத்தேன். அப்பா அதை வாங்கி மடித்துத் தன் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக்கொண்டார்.

இப்போது ஒரு சிக்கல். பன்னிரண்டு வரிசை முடிந்திருக்கிறது. ஒரு பக்கம் துணி குவிந்துகொண்டு வருகிறது. நூலை இறுக்கி இழுக்கிறேனா?

ஊசிநூல் எழுதியது:

ஆமாம், அதேதான். ஒவ்வொரு வரிசை முடிந்ததும் நூலை வெட்டுவதற்கு முன் இரண்டு கையாலும் துணியை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துவிடுங்கள். வேண்டிய அளவு நூல் தானாக உள்ளே போய்விடும். அதன்பின் முடிச்சு. குவிந்திருக்கும் வரிசைகளைப் பிரித்துவிடுங்கள், மனம் கேட்காதுதான், ஆனால் இப்போது விட்டால் கடைசிவரை கோணலாகவே போகும். எல்லா வரிசையையும் ஒரே திசையில் தைக்காதீர்கள். ஒன்று இடமிருந்து வலம், அடுத்தது வலமிருந்து இடம். நடுவிரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் காக்கும் விரலுறை) போட்டுக்கொள்ளுங்கள்.

ஊசிகளைப் பற்றி முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். குண்டூசி குத்தி வேலை செய்கிறீர்களானால் எண்ணி எடுங்கள், எண்ணி வையுங்கள். என் நான்காவது விரிப்பில் இருபது ஊசி குத்தினேன், முடித்துவிட்டு எண்ணினால் பத்தொன்பது. விரிப்பை அங்குலம் அங்குலமாகத் தடவினேன், கிடைக்கவில்லை. என் கணவர் பழைய ஒலிபெருக்கியிலிருந்து காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்து துணியின்மேல் இழுத்தார். நடு அடுக்கில், ஓரத் தையலுக்குள், படுத்துக் கிடந்தது. அன்றிலிருந்து குண்டூசியே தொடுவதில்லை, கச்சாத் தையல் மட்டும்தான். இப்போதும் முடித்த ஒவ்வொரு விரிப்பின்மேலும் அந்தக் காந்தத்தை ஓட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். பொத்தான், மணி, சமிக்கி எதுவும் வைக்காதீர்கள்.

வார்டு செவிலி எழுதியது:

தூக்குவாளிச் சோதனையைக் குறித்துக்கொண்டேன், எங்கள் வார்டில் தாய்மார்களுக்கும் சொல்லப்போகிறேன். விரிப்பு முடிந்ததும் மறுபடி பெட்டியில் உருண்டையோடு வைத்துவிடாதீர்கள். கஞ்சி போடாமல், நன்றாகக் காய வைத்து, உலர்ந்த வேப்பிலையோ இரண்டு துண்டு வசம்போ சின்னத் துணியில் முடிந்து ஓரத்தில் வையுங்கள். கஞ்சி இருந்தால்தான் இராமபாணப் பூச்சி தேடி வரும். வசம்பு பெட்டியோடு இருக்கட்டும், குழந்தையின் வாய்க்கு உரைத்துக் கொடுக்க வேண்டாம். வாசனைத் திரவியம் கலந்த துணி மென்மையாக்கியும் வேண்டாம்.

சின்னத்தை எழுதியது:

பெண் குழந்தை. 2.9 கிலோ. ஒரு வியாழக்கிழமை விடியற்காலை பிறந்தாள். தாயும் சேயும் நலம்.

செய்தி வந்ததும் அப்பா என்னைப் பார்த்து, "ஓரம்" என்றார். விட்டுவைத்திருந்த கடைசி ஓரத்தை மடித்துத் தைத்தேன். மொத்தம் ஐம்பத்தெட்டு வரிசை, அறுபதுக்கு இரண்டு குறைவு. காந்தத்தை ஓட்டிப் பார்த்தோம். சமையலறைத் தராசில் வைத்தால் 230 கிராம். மேலே பச்சை, அதில் அரக்குத் துண்டுகள் ஒன்பது, நடுவில் பெரியம்மாவின் மஞ்சள், அடியில் அப்பாவின் வேட்டி.

பதினோராம் நாள் பெயர் வைத்தோம். அத்தையாக நான்தான் காதில் பெயரைச் சொன்னேன். பெரியம்மா வந்திருந்தார். விரிப்பைக் கையில் எடுத்தார், புரட்டினார், தையலை ஒவ்வொரு வரிசையாக விரலால் தடவிக்கொண்டே போனார். அவருடைய மஞ்சள் உள்ளே இருப்பதால் வெளியே தெரியாது. ஒரு மூலையில் பச்சை நைந்த இடத்தில் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, அங்கே விரல் நின்றது. "இந்த முடிச்சை உள்ளே தள்ளியிருக்க வேண்டும், பிள்ளைக்கு உறுத்தும்" என்றார். ஊசி கேட்டு வாங்கி, அங்கேயே உட்கார்ந்து, அந்த முடிச்சைப் பிரித்துத் தானே சரிசெய்தார். பிறகு தரையில் விரித்தார்.

ஓசூர் மருமகள் எழுதியது:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கு எங்கள் வீட்டிலிருந்து ஆசிகள். மீதித் துணியை என்ன செய்யப்போகிறீர்கள்?

சின்னத்தை எழுதியது:

நன்றி, ஓசூர் அக்கா. பச்சையில் இரண்டு மீட்டர் மிஞ்சியிருக்கிறது. தம்பி மனைவி தலைக்குக் கட்டிக்கொள்ள ஒரு துண்டு கேட்டாள், கொடுத்துவிட்டேன். மீதியில் சின்னச் சின்னச் சதுரமாக வெட்டி, துடைக்கும் துணியாக ஓரம் அடித்துக்கொண்டிருக்கிறேன். விரிப்பை நேற்று ஐந்தாவது முறையாகத் துவைத்தோம். இடது ஓரத்தில் ஒரு வரிசை அரை சாண் நீளத்துக்கு விட்டுவிட்டது, நான் அவசரப்பட்டுத் தைத்த கடைசி வாரத்து வரிசை அது. ஊசி கோத்து வைத்திருக்கிறேன். பாப்பா இப்போது அதன்மேல் கால் உதைத்துக்கொண்டிருக்கிறாள், தூங்கியதும் எடுத்துத் தைக்க வேண்டும்.